தோள் அடிக்கடி கழண்டு போகுதா? கீஹோல் ஆபரேஷனுக்கு முன்னாடி, அன்னிக்கு, அப்புறம் ஆறு மாசம்: என்ன செய்யணும்

எனக்கு நாலாவது தடவை தோள் கழண்டது தூக்கத்துல. ஓடல, விழல, வெயிட் எதுவும் தூக்கல, கால்கிட்ட கிடந்த போர்வைய இழுத்து தலைக்கு மேல கைய கொண்டு போனேன், உள்ள கடக்குனு ஏதோ நகந்துச்சு, அவ்வளவுதான். முதல் தடவை வாலிபால் ஆடும்போது பந்தை அடிக்கப் போய் கழண்டுச்சு, ரெண்டாவது நீச்சல், மூணாவது பஸ்ல மேல் கம்பிய புடிச்சிட்டு நிக்கும்போது, நாலாவது படுக்கையில. ஒவ்வொரு தடவையும் போன தடவைய விட சுலபமா கழண்டுச்சு. இதைத்தான் முதல்ல கவனிக்கணும், தோள் கழண்டு கழண்டு பழகிடும்னு பெரியவங்க சொல்றது உண்மைதான், உள்ள அதுக்கு காரணமும் இருக்கு.

நான் டாக்டர் இல்ல, ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆளு, ரெண்டு வருஷம் ஆகுது, இப்போ தோள் நல்லா இருக்கு. எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணினதையும் சர்ஜன்கிட்டயும் பிசியோகிட்டயும் கேட்டுக் கேட்டு தெரிஞ்சுக்கிட்டதையும் இங்க எழுதுறேன். உங்க சர்ஜன் சொல்ற வாரக்கணக்கு இதோட ஒத்துப் போகலன்னா அவர் சொல்றதையே கேளுங்க, உங்க தோளுக்குள்ள பாத்தவர் அவருதான்.

உள்ள என்ன ஆகுதுன்னு புரிஞ்சா பாதி பயம் போயிடும். கை எலும்போட தலை ஒரு பந்து, அது உக்கார்ற கிண்ணம் ரொம்ப சின்னது, ஆழமும் கிடையாது, ஒரு டென்னிஸ் பந்தை பாட்டில் மூடி மேல வெச்ச மாதிரி. அதனாலதான் கைய இத்தனை பக்கம் சுத்த முடியுது, அதனாலதான் உடம்புலயே அதிகமா கழண்டு போற பெரிய மூட்டும் இதுவே. கிண்ணத்தோட விளிம்ப சுத்தி ரப்பர் வாஷர் மாதிரி ஒரு சவ்வு இருக்கு, லேப்ரம்னு பேரு, அது கிண்ணத்த கொஞ்சம் ஆழமாக்கி பந்தை புடிச்சு வெக்குது. தோள் கழண்டா பெரும்பாலும் முன்பக்கமாத்தான் கழலும், அப்போ கிண்ணத்தோட முன்பக்க கீழ் விளிம்புல அந்த சவ்வு பிஞ்சிடும். பிரிட்டிஷ் சர்ஜன் பேங்கார்ட் 1923ல இத பத்தி எழுதினாரு, அதனால ரிப்போர்ட்ல பேங்கார்ட் லீஷன்னு போட்டிருப்பாங்க. பிஞ்ச சவ்வு தானா ஆறாதான்னு கேட்டா, ஆறும், ஆனா பல பேருக்கு விளிம்புல ஒட்டாம கொஞ்சம் கீழ உள்பக்கமா சரிஞ்சு போய் அங்க ஒட்டிக்கும். பந்துக்கு முன்னாடி இருந்த தடுப்பு காணாம போயிடுது. அதே சமயம் பந்தோட பின்பக்கம் கிண்ணத்து விளிம்புல மோதி நசுங்கி ஒரு பள்ளம் விழும், அது ஹில்-சாக்ஸ், 1940ல இத பத்தி எழுதின ரெண்டு ரேடியாலஜிஸ்ட்டோட பேரு. ஒவ்வொரு தடவை கழலும்போதும் கிண்ணத்து ஓரம் கொஞ்சம் தேயும், பள்ளம் கொஞ்சம் பெருசாகும். பழகிடுச்சு பழகிடுச்சுன்னு சொல்றது இந்த தேய்மானத்தைத்தான்.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேணுமா? வேணாம். முதல் தடவை கழண்டவங்கள்ல நிறைய பேருக்கு ஸ்லிங்கும் (கைய கழுத்துல இருந்து தொங்க விடுற பட்டை) பிசியோவும் போதும். ஆனா வயசு ரொம்ப முக்கியம், இருபதுக்கு கீழ இருக்கிற பசங்க, அதுவும் ஆள் மேல ஆள் மோதுற கேம் ஆடுறவங்களுக்கு மறுபடி கழல வாய்ப்பு ரொம்ப அதிகம், அதனால அவங்களுக்கு முதல் தடவையிலயே ஆபரேஷன் பத்தி பேசுற டாக்டர்களும் உண்டு. நாப்பது தாண்டினவங்களுக்கு கதை வேற, சவ்வ விட தோளை சுத்தி இருக்கிற ரொட்டேட்டர் கஃப் தசைநார் கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும், கழண்டதை உள்ள போட்டப்புறமும் கைய தூக்கவே முடியலன்னா அதை விட்டுடாதீங்க. பிறவியிலயே உடம்பு பூரா மூட்டு லூசா இருந்து, தோள் முன்னாடி பின்னாடி கீழ எல்லா பக்கமும் நழுவுதுன்னா முதல் மருந்து பிசியோதான், மாசக்கணக்கா ஒழுங்கா செஞ்சு பாத்துட்டுத்தான் கத்தி பக்கம் போகணும். வலிப்பு வந்து தோள் கழண்டிருந்தா முதல்ல வலிப்ப கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வரணும், இல்லன்னா எவ்வளவு நல்லா தைச்சாலும் அடுத்த வலிப்புல பிச்சுக்கும்.

இப்போ, டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணுதான் கேக்க முடியும்னா இதை கேளுங்க: என் கிண்ணத்துல எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்கு? எம்ஆர்ஐல சவ்வு தெரியும், சில இடத்துல மூட்டுக்குள்ள ஊசியில மருந்து ஏத்தி எம்ஆர்ஐ எடுப்பாங்க, கிழிசல் இன்னும் தெளிவா தெரியும். ஆனா எலும்பு எவ்வளவு போயிருக்குன்னு சரியா அளக்க சிடி ஸ்கேன்தான், அதுவும் 3டியா எடுத்தா கிண்ணத்த நேரா முன்னாடி வெச்சு பாக்கலாம். எலும்பு கம்மியாத்தான் தேஞ்சிருக்குன்னா கீஹோல்லயே, அதாவது சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு, சவ்வ தைச்சிடலாம். கிண்ணத்து அகலத்துல அஞ்சுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்குன்னு போயிருச்சுன்னா வெறும் சவ்வ தைக்கிறது நிக்காது, அங்க லட்டார்ஜே பண்ணுவாங்க, 1954ல பிரெஞ்சு சர்ஜன் ஒருத்தர் சொன்ன முறை, தோளுக்கு முன்னாடி கொக்கி மாதிரி இருக்கிற கோரகாய்டு எலும்போட நுனிய அதுல ஒட்டியிருக்கிற தசையோட வெட்டி கிண்ணத்து ஓரத்துல ஸ்க்ரூ போட்டு வெக்கிறது. இது பெரும்பாலும் திறந்து பண்றது. பின்னாடி பள்ளம் பெருசா இருந்தா கீஹோல்லயே அந்தப் பள்ளத்துக்குள்ள பின்பக்க தசைநாரை இழுத்து தைச்சு அடைச்சிடுவாங்க, ரெம்ப்ளிசாஜ்னு பேரு. என் கூட பிசியோவுக்கு வந்த ஒரு பையனுக்கு எலும்பு நிறைய தேஞ்சிருந்தும் கீஹோல் மட்டும் பண்ணி ஒரு வருஷத்துல மறுபடி கழண்டுடுச்சு, ரெண்டாவது தடவை லட்டார்ஜே. சின்ன தழும்பு போதும்னு கீஹோலுக்கு ஆசைப்படாதீங்க, உங்க எலும்புக்கு எது பொருத்தமோ அதுதான் நல்ல ஆபரேஷன்.

ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தயாராக ஆரம்பிங்க. இன்னொரு கையால பல் தேய்க்க, சாப்பிட, முடி சீவ, டாய்லெட்ல கழுவ, போன்ல டைப் பண்ண பழகுங்க. அன்னிக்கு பாத்துக்கலாம்னு விட்டா அன்னிக்கு அழுகை வரும், அதுவும் கழுவுறது சொல்லவே வேணாம். வீட்டுல தினம் எடுக்கிற சாமானெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைங்க. முன்னாடி பட்டன் வெச்ச லூசான சட்டை நாலஞ்சு எடுத்து வைங்க, தலை வழியா மாட்டுறது எதுவும் ஒரு மாசத்துக்கு மேல ஆகாது, பெண்களுக்கு முன்னாடி கொக்கி வெச்ச பிரா இல்லன்னா தோள் மேல பட்டி இல்லாத மாதிரி ஏதாவது. சிகரெட் புடிக்கிறவங்க நிறுத்துங்க, இது அட்வைஸ்க்காக சொல்றது இல்ல, சவ்வு எலும்போட ஒட்டுறதுக்கு ரத்த ஓட்டம் வேணும், புகை அதைத்தான் கெடுக்குது. சுகர் இருந்தா கட்டுப்பாட்டுக்கு கொண்டு வாங்க, சுகர் உள்ளவங்களுக்கு தோள் இறுகிப் போறது அதிகம். நீங்க போடுற எல்லா மாத்திரையும், குறிப்பா ரத்தம் உறையாம இருக்க போடுறது, ஒரு பேப்பர்ல எழுதி மயக்க டாக்டர்கிட்ட குடுங்க, எதை எப்போ நிறுத்தணும்னு அவர் சொல்லுவாரு, நீங்களா நிறுத்தாதீங்க. அக்குள் முடிய வீட்டுல ஷேவ் பண்ணிட்டு போகாதீங்க, சின்ன கீறல் போதும் கிருமி உள்ள போக. சாப்பாடு ஆறு மணி நேரம் முன்னாடி, வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும், இதுதான் பொதுவான கணக்கு, உங்க ஆஸ்பத்திரியில சொல்ற நேரத்த கேட்டு எழுதிக்கோங்க.

அன்னிக்கு நடக்கிறது சுருக்கமா. முழு மயக்கம் குடுப்பாங்க, கூடவே பெரும்பாலும் கழுத்துப் பக்கம் ஒரு ஊசி போட்டு கை பூரா மரத்துப் போக வெப்பாங்க, அதை பிளாக்னு சொல்றாங்க. நாற்காலியில சாஞ்ச மாதிரி உக்கார வெச்சோ ஒருக்களிச்சு படுக்க வெச்சோ பண்ணுவாங்க, எதுன்னு சர்ஜனோட பழக்கத்த பொறுத்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் கம்மியா ரெண்டு மூணு ஓட்டை, ஒண்ணுல சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் கேமரா, மூட்டுக்குள்ள சலைன் தண்ணி ஓடிட்டே இருக்கும், அப்பதான் மூட்டு உப்பி இடம் கிடைக்கும், ரத்தமும் மறைக்காது. சரிஞ்சு ஒட்டின சவ்வ எலும்புல இருந்து பிரிச்சு எடுத்து, கிண்ணத்து விளிம்ப லேசா சுரண்டி, அதுல குட்டி குட்டி துளை போட்டு ஆங்கர் இறக்குவாங்க. ஆங்கர்னா நூல் கோத்த சின்ன முளை, அந்த நூலை சவ்வுக்குள்ள கோத்து மேல இழுத்து அது இருந்த இடத்துலயே கட்டிடுவாங்க. பொதுவா மூணோ அதுக்கு மேலயோ ஆங்கர் போடுவாங்க. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும். எனக்கு அப்புறமா வீடியோ காட்டினாங்க, பிஞ்ச சவ்வு தண்ணியில துணி நுனி மாதிரி ஆடிட்டு இருந்துச்சு, கடைசி நூல் இறுகினதும் விளிம்புல ஒரு வரப்பு மாதிரி எழும்பி நின்னுச்சு. அதை பாத்தப்புறம் தான் இத்தனை வருஷம் அங்க என்ன இல்லாம இருந்துச்சுன்னு எனக்கு புரிஞ்சது.

முதல் ராத்திரி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் இதுலதான் ரொம்ப கஷ்டப்பட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சப்ப வலியே இல்ல, சாயங்காலமும் இல்ல, எல்லார்கிட்டயும் சிரிச்சு பேசிட்டு இருந்தேன், நர்ஸ் மாத்திரை குடுத்தப்ப வலியே இல்லையே எதுக்குன்னு வாங்கி வெச்சுட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு பிளாக் விட்டுச்சு. படிப்படியா இல்ல, அரை மணி நேரத்துல மொத்தமா. அப்போ மாத்திரை போட்டு அது வேலை செய்ற வரைக்கும் கட்டில் கம்பிய புடிச்சிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். பிளாக் பொதுவா 12ல இருந்து 24 மணி நேரம் தாங்கும், அது விடுறதுக்கு முன்னாடியே வலி மாத்திரை உடம்புக்குள்ள இருக்கணும், இதுதான் அந்த ராத்திரியோட ஒரே ரகசியம். டாக்டர் எழுதிக் குடுத்ததை வலி இருக்கோ இல்லையோ முதல் ரெண்டு மூணு நாள் நேரத்துக்கு போடுங்க, அலாரம் வெச்சு எழுந்து போடுங்க. மரத்த கைய ஸ்லிங்கை விட்டு வெளிய தொங்க விடாதீங்க, சூடான பாத்திரம் பக்கத்துல வெக்காதீங்க, சுட்டாலும் தெரியாது. அந்தப் பக்கம் கண் இமை லேசா தொங்கலாம், குரல் கம்மலாம், மூச்சு முழுசா இழுக்க முடியாத மாதிரி இருக்கலாம், கழுத்து ஊசியோட வேலை இது, பிளாக்கோட சேந்து போயிடும். ஆனா மூச்சு திணறுதுன்னா தாமதிக்காம சொல்லுங்க.

அடுத்த ரெண்டு நாள் தோள் உப்பி இருக்கும், கட்டு நனைஞ்சு ரோஸ் கலர்ல தண்ணி கசியும், பாத்து பயந்துடாதீங்க, உள்ள ஓட விட்ட சலைன் தான் வெளிய வருது. ஐஸ் பேக்க துணி சுத்தி 15, 20 நிமிஷம் வெச்சு எடுங்க. தூக்கம் நேரா படுத்தா வராது, முதுகுக்கு தலகாணி அடுக்கி பாதி உக்காந்த மாதிரி, முழங்கைக்கு அடியில ஒரு தலகாணி குடுத்து கை பின்னாடி சரியாம பாத்துக்கோங்க. முழங்கை உடம்புக்கு பின்னால போச்சுன்னா முன்பக்க தையல் இழுக்கும். நான் மூணு வாரம் சாய்வு நாற்காலியிலதான் தூங்கினேன்.

சட்டை போடுறதுக்கு ஒரு முறை இருக்கு. உக்காந்துக்கோங்க, ஸ்லிங்கை கழட்டிட்டு லேசா முன்னாடி குனிஞ்சு ஆபரேஷன் ஆன கைய தானா தொங்க விடுங்க, நல்ல கையால சட்டைக் கைய சுருட்டி விரல்ல இருந்து மேல ஏத்துங்க, தோள் வரைக்கும் ஏறினப்புறம் சட்டைய முதுகுக்கு பின்னால சுத்தி நல்ல கைய மாட்டுங்க. கழட்டும்போது தலைகீழ், நல்ல கை முதல்ல, ஆபரேஷன் கை கடைசியில. அக்குள் கழுவுறதும் அதே குனிஞ்ச நிலையில தான், கைய நீங்களா தூக்கக் கூடாது, குனிஞ்சா தானா இடைவெளி வரும், ஈரத் துணியால துடைச்சு நல்லா காய விடுங்க. முதல் வாரம் பயந்து இத செய்யாம விட்டுட்டேன், அக்குள்ல தோல் வெந்து போச்சு, தோள் வலிய விட அந்த எரிச்சல் மோசமா இருந்துச்சு.

ஸ்லிங் எத்தனை வாரம்னு சர்ஜனுக்கு சர்ஜன் மாறும், பொதுவா மூணுல இருந்து ஆறு வாரம். தையல் பிரிக்கிறது 10ல இருந்து 14 நாள்ல. ஸ்லிங்ல இருந்தாலும் விரல், மணிக்கட்டு, முழங்கை முதல் நாள்ல இருந்தே ஆட்டணும், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை, இல்லன்னா முழங்கை இறுகிடும், விரல் வீங்கிடும். தோளுக்கு பிசியோ சொன்னதை மட்டும் செய்யுங்க. உக்காந்து பாக்குற வேலைன்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல போயிடலாம், வண்டி ஓட்டுறது ஸ்லிங் போய் ரெண்டு கையிலயும் சட்டுனு திருப்ப முடியுற நிலை வந்தப்புறம், பெரும்பாலும் ஆறு எட்டு வாரம் ஆகும்.

நான் இவ்வளவு எழுதுறதே இப்போ சொல்லப் போற ஒரு விஷயத்துக்காகத்தான். நூலும் ஆங்கரும் உங்க தோளை காலத்துக்கும் புடிச்சு வெக்கப் போறது இல்ல, சவ்வு எலும்போட ஒட்டுற வரைக்கும் அதை அந்த இடத்துல நிறுத்தி வெக்குது, அவ்வளவுதான். ஒட்டுறது உங்க உடம்போட வேலை, அதுக்கு சுமார் 12 வாரம் ஆகும். ஆனா வலி நாலாவது அஞ்சாவது வாரமே போயிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஏழெட்டு வாரம்தான் மொத்தத்துலயும் ஆபத்தான காலம், வலி இல்ல, கை லேசா இருக்கு, வீட்டுலயும் எல்லாரும் சரியாகிடுச்சுன்னு நினைச்சு உதவிய நிறுத்திடுவாங்க, உள்ள சவ்வு இன்னும் ஈரப் பசை மாதிரி இருக்கும். நான் ஆறாவது வாரம் கார்ல முன் சீட்ல உக்காந்துட்டு பின் சீட்ல கிடந்த பைய எடுக்க கைய பின்னாடி வீசினேன், யோசிக்கவே இல்ல, கை தானா போச்சு. சுருக்குனு ஒரு இழுப்பு. அடுத்த நாள் சர்ஜன் பாத்துட்டு தையல் நிக்குதுன்னு சொல்ற வரைக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. கைய பக்கவாட்டுல தூக்கி வெளிப்பக்கமா பின்னால திருப்புற அந்த ஒரு அசைவு, கல்லெறிய ஓங்குற மாதிரி, அதுதான் தோளை கழட்டின அசைவும், தையல பிக்கிற அசைவும். பிசியோ அனுமதி குடுக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. கார்ல பின் சீட்டு, மேல் ஷெல்ஃப், தலைக்கு பின்னால கைய கட்டிட்டு படுக்கிறது, கனமான கதவை பின்னால இழுக்கிறது, தடுக்கி விழும்போது கைய ஊணுறது, எல்லாம் அதே கதைதான்.

இதுக்கு பயந்து கைய ஆட்டாமலே வெச்சிருக்கிறதும் தப்பு, தோள் கட்டையா இறுகிடும். ஆறு வாரத்துக்கு மேல பிசியோ படிப்படியா கைய மேல தூக்க வெப்பாங்க, அப்புறம் ரப்பர் பேண்ட், அப்புறம் முதுகுப் பக்கம் தோள் சிறகு எலும்ப புடிக்கிற தசைகளுக்கு பயிற்சி. அந்த சிறகு பயிற்சி போரடிக்கும், எதுவும் நடக்காத மாதிரி இருக்கும், விட்டுடாதீங்க, கிண்ணம் அந்த எலும்புல தான் இருக்கு, அது ஆடினா பந்து எப்படி நிக்கும். கைய வெளிப்பக்கம் திருப்புறதுல கடைசி கொஞ்சம் அளவு பல பேருக்கு திரும்ப வராது, எனக்கும் வரல, தினசரி வேலைக்கு ஒண்ணும் குறையல. வெயிட் தூக்குறது மூணு மாசத்துக்கு மேல, மோதி ஆடுற கேம் ஆறு மாசத்துக்கு மேல. தேதிய மட்டும் பாக்காதீங்க, நல்ல கையோட பலத்துக்கு இந்தக் கை பக்கத்துல வந்துச்சா, ஓங்கும்போது மனசு பயந்து பின் வாங்குதா, இந்த ரெண்டையும் பிசியோவ சோதிக்க சொல்லுங்க.

உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டியது: காய்ச்சல், ஓட்டை போட்ட இடம் சிவந்து சீழ் வர்றது, மாத்திரைக்கும் அடங்காம நாளுக்கு நாள் கூடுற வலி, பிளாக் விட்டப்புறமும் தோளோட வெளிப்பக்கம் மரத்தே இருக்கிறது, இல்லன்னா கைய தூக்குற தசை வேலையே செய்யாதது, கெண்டைக்கால் ஒண்ணு மட்டும் வீங்கி வலிக்கிறது, நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது. மறுபடி கழண்டா நீங்களோ பக்கத்துல இருக்கிறவங்களோ இழுத்து போடாதீங்க, அதுல நரம்பும் எலும்பும் போகலாம், எப்படி வசதியோ அப்படியே கைய தாங்கிப் புடிச்சிட்டு போங்க.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆபரேஷன் நோட்டோட காப்பி ஒண்ணு கேட்டு வாங்கி வைங்க. எத்தனை ஆங்கர், மெட்டலா இல்ல கரையுறதா, வேற என்ன தைச்சாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும், பிசியோவ மாத்தினா அவங்களும் அதைத்தான் கேப்பாங்க, நாளைக்கு வேற எதுக்காவது எம்ஆர்ஐ எடுக்கப் போனா அங்கயும் முதல் கேள்வி உடம்புல மெட்டல் இருக்கான்னு தான்.